பதினேழாவது இடம்

வியாழக்கிழமை இரவுக் காட்சிக்கு
கான்செப்சியோனில் பாதி விலை.
மூன்று பேர் போவோம்:
பொக்லைன் ஓட்டும் நிபால்தோ,
கம்பி வளைக்கும் ஹசிந்தா,
லாரிக் கணக்கு எழுதும் நான்.
படம் விட்டதும் எதிர்க்கடையில்
அவித்த மட்டியும் பச்சை வெங்காயமும்.
ரசீதின் பின்பக்கம் மதிப்பெண்.
பத்துக்கு எத்தனை,
இந்த வருட வரிசையில் எத்தனையாவது.
அடித்தல், அம்புக்குறி, எண்ணெய்க் கறை.

நிபால்தோ பறத்தலுக்குப் போடுகிறவன்.
அங்கி காற்றில் ஒழுங்காகப் படபடத்தால் ஏழு.
டிராகன் வந்தால் எட்டு.
டிராகன் வாய் திறந்து பேசினால் மூன்று.
"பேசுகிற டிராகன் நம்ம மேஸ்திரி மாதிரி.
நெருப்பு வராது, அறிவுரைதான் வரும்."

ஹசிந்தாவுக்கு வில்லன் வேண்டும்.
அவன் தன் நியாயத்தைச் சொல்லும்போது
இருட்டில் அவள் தலை
அரை நொடியாவது ஆட வேண்டும்.
ஆடிவிட்டால் ஒன்பது.
கிளைமாக்ஸ் எப்படிப் போனாலும் ஒன்பது.

நான் கட்டடம் பார்ப்பேன்.
வேண்டுமென்று இல்லை,
கண் தானாக அங்கே போகிறது.

'நீலக் கையுறை' இரண்டாம் பாகம்.
நாயகன் விட்ட ஒரே குத்தில்
எதிரி ஒரு பதினான்கு மாடியைத் துளைத்துப் போனான்.
அரங்கமே விசிலடித்தது.
மாடிக்கு முப்பது நடை என்றால்
நானூற்று இருபது நடை, நான் எண்ணினேன்.
தூசிக்குத் தண்ணீர் அடிக்க ஓர் ஆள்.
அடிக்காவிட்டால் இருமல்
குளிர்காலம் முழுக்கக் கூடவே படுக்கும்.
நடுவில் எங்காவது ஒரு பியானோ கிடைக்கும்.
எப்போதும் ஒன்று கிடைக்கும்.
அதை எந்தப் பட்டியலில் ஏற்றுவதென்று
எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

இரண்டு போட்டேன்.
"நீ எங்கே படம் பார்க்கிறாய், ஓர்தென்சியா,
டெண்டர் அல்லவா பார்க்கிறாய்" என்றான் நிபால்தோ.
மட்டிச் சாறு என் முழங்கை வரை வழிந்தது.
பதில் சொல்லவில்லை.

அந்தப் பெப்ரவரியில்,
விடியாத மூன்றரை மணிக்கு,
எங்கள் ஊரை யாரும் யார் மீதும் எறியவில்லை.
ஹசிந்தா தலையாட்ட
அதற்கொரு நியாயமும் இருக்கவில்லை.
நிலம் புரண்டு படுத்தது, அவ்வளவுதான்.
பதினோரு மாதம் அள்ளினோம்.
மஞ்சள் ஜாக்கெட், முதுகில் ஒளிப்பட்டை.
ஆற்றுக் காற்று பலமாக அடித்தால்
அதுவும் கொஞ்சம் படபடக்கும்.

போன வாரம் 'உப்பு நாட்டு ராணி'.
மோசமான படம், அதில் சந்தேகமில்லை.
வாள் ஒரு காட்சியில் வலக்கையில், மறு காட்சியில் இடக்கையில்.
டிராகன் பேசியது, அதுவும் எதுகை மோனையோடு.
நிபால்தோ இடைவேளைக்கு முன்பே தூங்கிவிட்டான்.
கடைசியில் கோட்டை விழுந்தது, விழாமல் என்ன செய்யும்?
ராணி குதிரையேறிப் போகிறாள்.
அவளுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில்,
பெயர்ப் பட்டியலில்கூட வராத ஒரு பெண்
பாவாடையைச் செருகிக்கொண்டு குனிந்து
ஒரு செங்கல்லை எடுத்தாள்.
இன்னொன்றால் தட்டிக் காரை உதிர்த்தாள்.
முழுக்கல் இந்தப் பக்கம்,
அரைக்கல் அந்தப் பக்கம்.
இரண்டு நொடி.
அதற்குள் கேமராவுக்கு ஒரு முத்தம் அவசரமாகிவிட்டது.

ஒன்பது போட்டேன்.
ஹசிந்தா பேனாவைப் பிடுங்கினாள்:
"நொடிக்கு நாலரையா? எந்த ஊர்க் கூலி இது?"
அவள் மூன்று, நிபால்தோ ஒன்று.
கூட்டி வகுத்ததில்
பதினேழாவது இடம்,
'ஒன்பதாம் காற்று'க்கு நேர் கீழே.

கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்க்கத் தொடங்கியிருந்தார்.
நிபால்தோ பல் குத்தியபடி கேட்டான்:
"நேராகத் தட்டினாளா, சாய்த்தா?"

"சாய்த்து."

"நல்ல கல் எந்தக் கையில்?"

"இடக்கையில்."

கொஞ்ச நேரம் ரசீதையே பார்த்தான்.
தன் ஒன்றை அடித்து
இரண்டு என்று எழுதினான்.
பதினாறாவது.